கம்பியும் காத்திருப்பும்: குரங்கணிச் சரிவில் தொடர்பும் அதிகாரமும்

1. ஸ்டேஷன் இல்லாத ஸ்டேஷன்கள்

போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டி மேற்கே போகும் சாலை குரங்கணியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே மலைத்தடம்தான். அந்தத் தடத்தில் ஏறினால் நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் வரும். உச்சியில் டாப் ஸ்டேஷன். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் இல்லை. பெயர்கள் மட்டும் ஒரு நூற்றாண்டாக நிற்கின்றன.

பெயர் வந்த கதை சுருக்கமானது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் மாடுகள் இழுக்கும் வண்டிகளை விட்டார்கள். 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பித்தடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கின; பிறகு மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் மலைமேல் இருந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் அதைக் கட்ட யாரும் முனையவில்லை. சரக்கு வேறு சாலைகளைப் பிடித்துக்கொண்டது.

கம்பி சரக்குக்காகப் போட்டது. தேயிலை அதில் இறங்கியது, அரிசி அதில் ஏறியது. தேயிலை கிள்ளப் போன ஆட்கள் நடந்து ஏறினார்கள். ஒரே சரிவில் இரண்டு வேகங்கள் இருந்தன. எது எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதைக் கம்பிக்குச் சொந்தக்காரர் தீர்மானித்தார்.

இன்றும் அந்தச் சரிவில் ஒரு வினோதம் உண்டு. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில் இருக்கிறது; ஆனால் வண்டிச்சாலை மூணாறிலிருந்துதான் வருகிறது. அந்த ஊர்க்காரர் போடி தாலுகா அலுவலகத்துக்கு வண்டியில் வர வேண்டுமென்றால் மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு என்று கேரளத்தைச் சுற்றி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் குரங்கணிக்கு நடக்க வேண்டும். கொழுக்குமலையும் அப்படியே. நிலம் தமிழ்நாட்டில், ஜீப் ஏறும் இடம் கேரளத்தின் சூரியநெல்லியில். வரைபடத்தில் கோடு போட்டவர் ஒருவர், பாதை போட்டவர் வேறொருவர்.

தொடர்பு வலைகளில் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியை இந்தச் சரிவில் வைத்துப் பார்ப்பதற்கு இந்த வினோதமே காரணம். செய்தி பரவினால் அதிகாரமும் பரவும் என்பது நம் காலத்தின் பொதுப்புத்தி. கைபேசி வந்தால் தரகர் ஒழிவார், விலை தெரிந்தால் விவசாயி பிழைப்பார் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். குரங்கணியைச் சுற்றிய அனுபவம் அதை எந்த அளவுக்கு ஆதரிக்கிறது?

2. நடுவில் இருப்பவரா, தவிர்க்க முடியாதவரா?

வலையில் ஒருவருடைய பலத்தை அவர் நிற்கும் இடத்தைக் கொண்டு அளக்கலாம் என்பது சமூக வலையமைப்பு ஆய்வின் பழைய நம்பிக்கை. 1977இல் லின்டன் ஃப்ரீமன் முன்வைத்த அளவுகோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மற்றவர்களை இணைக்கும் குறுக்குவழிகளில் எத்தனை ஒருவர் வழியாகப் போகின்றனவோ அந்த அளவுக்கு அவர் மையமானவர். சுங்கச்சாவடிக் கணக்கு என்று புரிந்துகொள்ளலாம். மானுவேல் காஸ்டெல்ஸ் 2009இல் வெளியிட்ட தொடர்பு அதிகாரம் பற்றிய நூலில் வலைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பெரிதாக விரித்தார். வலைக்குள் இருப்போருக்கு வெளியே இருப்போர்மேல் உள்ள அதிகாரம், வலையின் விதிகள் உள்ளே இருப்போர்மேல் செலுத்தும் அதிகாரம், உள்ளே ஒருவர் இன்னொருவர்மேல் செலுத்துவது, வலையையே அமைப்பவரின் அதிகாரம் என நான்காகப் பிரித்து, கடைசியையே முதன்மையானதாகக் கருதினார். கம்பித்தடத்தின் கதைக்கு அது பொருந்துகிறது. ஆனால் கம்பி அறுந்த பிறகும், பலர் பல வழிகளில் பேசிக்கொள்ளும் இன்றைய சந்தையிலும், யார் யாருக்குப் பணிகிறார் என்பதை விளக்க அது போதவில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டது ரிச்சர்ட் எமர்சன் 1962இல் எழுதிய ஒரு கட்டுரை. அவர் சொன்னது எளிமையானது: உன்மேல் எனக்குள்ள அதிகாரம் என்பது நீ என்னை எவ்வளவு சார்ந்திருக்கிறாய் என்பதே. அந்தச் சார்பு இரண்டைப் பொறுத்தது. என்னிடம் இருப்பது உனக்கு எவ்வளவு வேண்டும்? அது உனக்கு வேறெங்கே கிடைக்கும்? இருபது ஆண்டுக்குப் பின் காரன் குக், எமர்சன் முதலியோர் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ஐந்து பேரை ஒரு வரிசையில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேரம் பேச விட்டால், நடுவில் இருப்பவர்தான் மையம். ஆனால் அதிக லாபம் அடைந்தவர் அவரல்ல. அவருக்கு இரு பக்கமும் நின்ற இருவர்தான். காரணம், அவர்கள் ஒவ்வொருவர் பிடியிலும் வேறு போக்கிடமே இல்லாத கடைசி ஆள் ஒருவர் இருந்தார்.

மலைச்சரிவில் இந்த வரிசையைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடைசி ஆள் யார், அவர் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் போதும்.

3. விலை தெரிந்த பிறகும்

இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பகுதி இடுக்கி மலைகளில் விளைகிறது. அதன் வணிகத்தில் போடிக்குப் பெரும் பங்கு உண்டு. காய் மலையிலிருந்து இறங்கி, போடியில் தரம் பிரிக்கப்பட்டு, வட இந்தியாவுக்கும் துறைமுகத்துக்கும் போகிறது. 1987ஆம் ஆண்டு உரிம, விற்பனை விதிகளின்படி உரிமம் பெற்ற ஏலதாரர்கள் நடத்தும் ஏலம்தான் இதன் முறைப்படியான வாசல். 2007இல் வாசனைப் பொருட்கள் வாரியம் குரல் ஏலத்தைக் கணினி ஏலமாக மாற்றத் தொடங்கியது. இன்று மையங்கள் இரண்டு: தமிழ்நாட்டில் போடி, கேரளத்தில் வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடி. 2020 ஊரடங்கில் ஏலம் வாரக்கணக்கில் நின்றது. மறுபடி தொடங்கியபோது மாநில எல்லையே வியாபாரிகளுக்குத் தடையாக இருந்தது. 2021இல் இரு மையங்களிலிருந்தும் ஒரே ஏலத்தில் விலை கேட்கும் வசதியை வாரியம் கொண்டுவந்தது.

வெளிப்படைத்தன்மை என்ற அளவில் இவை எல்லாம் முன்னேற்றமே. அன்றைய உச்ச விலை, சராசரி விலை, வந்த எடை, விற்ற எடை எல்லாம் சில நிமிடங்களில் தோட்டக்காரர் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. இடுக்கியின் உடும்பஞ்சோலையில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் போடியில் கிடங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே எண் ஒரே நேரத்தில் தெரிகிறது. தகவலே அதிகாரம் என்றால் இங்கே ஒரு சமநிலை வந்திருக்க வேண்டும்.

2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலை ஒடித்த பின், ஆகஸ்ட் 2019இல் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. இரு காலத்திலும் விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏறியபோது காயை நிறுத்திவைத்தவர்கள் லாபம் பார்த்தார்கள். விழுந்தபோது நிறுத்திவைக்க முடியாதவர்கள் விற்றார்கள். பிரித்தது தகவல் அல்ல. பிரித்தது காத்திருக்கும் வசதி.

சிறு விவசாயியின் காய் பெரும்பாலும் ஏலக்கூடத்தை நேரடியாக எட்டுவதில்லை. ஸ்டோர் என்று சொல்லப்படும் உலர்கூடம் சொந்தமாக இல்லாதவர் பச்சைக்காயாகவே கொடுத்துவிடுகிறார், அல்லது கூலி கொடுத்து அடுத்தவர் ஸ்டோரில் உலர்த்துகிறார். உலர்ந்த காயை மலைச்சரக்குக் கடையில் போடுகிறார். உரமும் மருந்தும் கடனாகத் தந்தவர், மகள் கல்யாணத்துக்கு முன்பணம் தந்தவர் அந்தக் கடைக்காரர். நிறம், பருமன், ஈரம் பார்த்துத் தரம் சொல்பவரும் அவரே. ஏலத்தில் போட்டால் பணம் வர நாளாகும். கடையில் அன்றைக்கே கையில் காசு வரும். இதோடு நிலப்பிரச்சினையும் சேர்கிறது. 1897இல் திருவிதாங்கூர் அரசு அறிவித்த ஏலமலைக் காப்புப் பகுதியின் பரப்பும் தன்மையும் இன்றைக்கும் நீதிமன்ற வழக்காகவே இருக்கின்றன. பட்டா தெளிவில்லாத, குத்தகை முடிந்த நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவது எளிதல்ல. ஆகவே கடைக்காரரின் கடனே கடன்.

எமர்சனின் இரண்டாவது கேள்விக்கு இதுதான் விடை. விலை தெரிந்தவருக்கும் வேறு வாசல் இல்லை. அன்றைய ஏலவிலையைக் கைபேசியில் காட்டி அவர் கடைக்காரரிடம் வாதாடலாம், வாதாடுகிறார்கள். கடைக்காரர் விலையை மறுப்பதில்லை. தரத்தை மறுக்கிறார். தகவல் எந்த இடத்தில் திறந்ததோ அந்த இடத்தை விட்டு, இன்னும் திறக்காத இடத்துக்கு அதிகாரம் நகர்ந்துகொள்கிறது.

ஏலக்கூடத்துக்குள்ளும் இதே நகர்வு உண்டு. விவசாயிகள் அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லும் புகார் ரீபூலிங். ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரி மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவது அது. அப்படிச் செய்தால் வரத்து அதிகம்போலத் தெரியும், விலை அமுங்கும். கணினித் திரையில் ஓடும் எண் பொய்யல்ல. அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள வரத்தை ஊதிப் பெருக்க முடிகிறவருக்குத் திரை ஒரு கருவி. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது வெறும் செய்தி.

இந்த இடத்தில் எதிர்ச்சான்றை ஒதுக்கக் கூடாது. ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கடற்கரையில் கைபேசி வந்தபின் மத்தி மீன் விலையில் ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. மீனவர் லாபம் கூடியது, வாங்குவோர் கொடுக்கும் விலை சற்றுக் குறைந்தது, வீணாகும் மீன் இல்லாமல் போனது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு அது. ஆனால் பின்னர் அதே கரைக்குப் போன ஜானகி சீனிவாசனும் ஜென்னா புரல்லும், கைபேசியால் விளைந்த பயன் படகின் வகையையும் கரையில் உள்ள ஏலக்காரரோடு இருக்கும் உறவையும் பொறுத்தே அமைந்தது என்று கண்டார்கள். கடலில் நிற்கும் படகு எந்தக் கரைக்கும் திரும்பலாம், கடன் இல்லாதவரை.

மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் சந்தை விலை அனுப்பிப் பார்த்த மார்செல் ஃபாஃப்ஷாம், பார்ட் மின்டன் இருவரும் 2012இல் எழுதியது இன்னும் நேரடியானது: விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. மாறாக, அபராஜிதா கோயல் 2010இல் மத்தியப் பிரதேச சோயா சந்தையை ஆராய்ந்தபோது, ஐடிசி நிறுவனத்தின் இ-சௌபால் மையங்கள் வந்த மாவட்டங்களில் மண்டி விலை 1 முதல் 3 விழுக்காடு வரை ஏறியிருந்தது. முடிவுகள் முரண்படுவதுபோலத் தோன்றும். மத்தியப் பிரதேசத்தில் விலைச்செய்தியோடு கூடவே ஐடிசி என்ற இன்னொரு கொள்முதல்காரரும் வந்திருந்தார் என்பதைக் கவனித்தால் முரண் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செய்தி தனியே வந்த இடத்தில் விலை அசையவில்லை. வாசலோடு வந்த இடத்தில் அசைந்தது. நான்கே ஆய்வுகளை வைத்துப் பொதுவிதி எழுத நான் துணியமாட்டேன், ஆனால் ஏலமலையின் அனுபவம் இந்த வாசிப்புக்கே துணை நிற்கிறது.

4. ஒரு தீ, இரண்டு வலைகள்

குரங்கணி என்ற பெயர் தமிழகம் முழுதும் தெரியவந்தது மார்ச் 11, 2018 அன்று. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் வந்த இரு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை வைத்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தது.

பொறுப்பு யாருடையது என்ற வாதத்துக்குள் இங்கே போகப்போவதில்லை. தொடர்பு என்ற கோணத்தில் ஒன்றை மட்டும் குறிக்கிறேன். அந்தக் குழுக்கள் பல ஊர்க்காரர்களை ஒரு வாரக்கடைசிக்குள் ஒன்றுசேர்க்கும் வலிமை கொண்டவை. மார்ச்சில் காய்ந்த போதைப்புல் எப்படிப் பற்றும், காற்று எந்தப் பள்ளத்தில் தீயைத் தூக்கும் என்ற அறிவு குரங்கணியிலும் முதுவாக்குடியிலும் மலையில் நடந்தே வாழ்கிறவர்களிடம் இருக்கிறது. இரண்டு வலைகளும் ஒரே தடத்தில் ஒன்றையொன்று கடந்தன. பேசிக்கொள்ள அவற்றுக்கு ஓர் இணைப்பு இல்லை. தீ பற்றியபின் சரிவில் முதலில் ஏறியவர்கள் உள்ளூர்க்காரர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன.

அறிவு இருந்தது. நுழைவை நிறுத்தும் இடத்தில் அந்த அறிவு இருக்கவில்லை. அறிவுடையவர் சொல்லை யாரும் கேட்டாக வேண்டிய கட்டாயம் இல்லாத வலையில், அறிவு ஊர்க்கதையாக மட்டுமே மிஞ்சுகிறது.

5. ஜீப்பும் லயமும்

அதிகாலை நான்கு, ஐந்து மணிக்குப் போடி வட்டாரத்துக் கிராமங்களில் ஜீப் சத்தம் கேட்கும். காய் எடுக்கவும் களை வெட்டவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் அதில் நெருக்கி ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கி இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். எந்தத் தோட்டத்தில் வேலை, யாரைக் கூப்பிட வேண்டும், கூலி யார் கையால் வரும் என்பதெல்லாம் ஆள் சேர்ப்பவர் வழியாகவே நடக்கும். சில இடங்களில் ஜீப் ஓட்டுநரே அந்த ஆள். கங்காணி முறை ஒழிந்துவிட்டதாகச் சொல்கிறோம். பி.எச். டேனியலின் தேயிலைத் தோட்ட நாவலை ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் தமிழில் தந்தபோது, அந்தக் காலத்துக் கங்காணியைப் படித்துப் பலர் அதிர்ந்தார்கள். இன்றைய ஆள் சேர்ப்பவரை அவரோடு சமமாக வைப்பது நியாயமில்லை. அடி இல்லை, தப்பி ஓட வேண்டிய நிலை இல்லை. ஆனால் வலையின் வடிவம் மாறவில்லை. பெண்கள் ஒவ்வொருவருக்கும் அவரோடு ஒரு கோடு, தோட்டத்துக்கும் அவரோடு ஒரு கோடு. பெண்ணுக்கும் தோட்டத்துக்கும் நேர்க்கோடு இல்லை.

தோட்டமும் இந்தப் பெண்களைச் சார்ந்தே இருக்கிறது. இரண்டு முறை அது வெட்டவெளிச்சமானது. டிசம்பர் 2011இல் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினையின் பதற்றத்தில் எல்லை அடைபட்டு, வதந்திகள் பறந்து, தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் போடிப்பக்கம் இறங்கின. 2020 ஊரடங்கில் மாநிலம் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இரு முறையும் தோட்டத்தில் வேலைக்கு ஆளில்லை. சார்பு இருபக்கமும் இருந்தால் பேரமும் இருபக்கமும் வலுத்திருக்க வேண்டுமே? வலுக்கவில்லை. தோட்டக்காரர் ஒரு பருவத்தின் லாபத்தை இழந்து காத்திருந்தார். கூலிப்பெண் அன்றைய அரிசியை இழந்து காத்திருந்தார். ‘வேறெங்கே கிடைக்கும்’ என்ற எமர்சனின் கேள்வியோடு ‘எத்தனை நாள் தாங்கும்’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 2015இல் மூணாறில் வேறு மாதிரி நடந்தது. கண்ணன் தேவன் நிறுவனம் போனஸை 20 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைத்தபோது தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப்பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். தங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுவந்த சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று அறியப்பட்ட அந்த எழுச்சி ஒன்பது நாள் நீடித்தது. போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது.

சமூக ஊடகத்தால் வந்த எழுச்சி இது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கைபேசி உதவியிருக்கும், ஆனால் அந்தப் பெண்கள் லயம் எனப்படும் ஒரே வரிசைக் குடியிருப்பில் சுவரோடு சுவராக வாழ்பவர்கள், ஒரே காட்டில் வரிசையாகக் கொழுந்து கிள்ளுபவர்கள், ஒரே கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள். சங்கத் தலைவர் வழியாகத்தான் பேச முடியும் என்ற நிலையிலும் அவர்களுக்குள் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடின. இடையில் நிற்பவரைத் தாண்டும் வழி தயாராக இருந்தது. போனஸ் அறிவிப்பு அதைத் திறந்தது.

அடுத்த கட்டத்தில் அந்த வழி அடைபட்டது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை, மாநில அளவிலான தோட்டத் தொழிலாளர் குழுவுக்குப் போனது. அங்கே அமர அங்கீகாரம் வேண்டும். அது பழைய சங்கங்களிடம் இருந்தது. அக்டோபரில் தேயிலைக்கு 301, ஏலக்காய்க்கு 330 என்று முடிவானது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை சில இடங்களை வென்றது. பின்னர் தலைமைக்குள் பிளவு வந்து தேய்ந்தது. சாலையை மறிக்கும் வலையும் கையெழுத்துப் போடும் வலையும் வேறுவேறு என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின. காஸ்டெல்ஸ் சொன்ன வலை அமைப்பவரின் அதிகாரம் இரண்டாவதில்தான் பத்திரமாக இருந்தது.

அந்த 330 ரூபாய்க்கான பேச்சு தொடங்கக் காரணமானவர்கள் தேயிலைப் பெண்கள். ஏலத்தோட்டங்களில் அதே அளவில் ஓர் எழுச்சி வரவில்லை. கோபம் குறைவு என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. மாலையில் ஜீப் போடிமெட்டு இறங்கி ஊர்ப்பக்கம் திரும்பும்போது சிலமலையில் நான்கு பேர், ராசிங்காபுரத்தில் மூன்று பேர், தேவாரத்தில் மிச்சப்பேர் என இறங்கி அவரவர் தெருவுக்குப் போகிறார்கள். நாளைக்கு யார் வர வேண்டும் என்பதை ஓட்டுநர் இரவில் கைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்வார்.